ஒரு துண்டு ரொட்டி

"நாய்க்கு லஞ்சம் கொடுத்துப் பழக்குகிறாரே உங்கள் சிநேகிதர், இதைப் பற்றி நீங்கள் எழுதக் கூடாதா?" என்று எங்கள் தெரு வாத்தியார் ஒருநாள் என்னைக் கேட்டார்.

அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஆதலால் உலகத்தில் யார் எதைக் கொடுத்தாலும் அதற்கு எதிர்ப் பக்கத்தில் ஒரு வரவு இருந்தே தீரும் என்பது அவருடைய சித்தாந்தம். சிநேகிதர் என்று அவர் குறிப்பிட்டது எதிர் வீட்டுச் சொல்தா தாத்தாவை. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக் கொள்ளலாம் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்களில் இவருடையதும் ஒன்று.

கடற்கரையையும் வெள்ளைக்காரத் தெருக்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிற யாத்ரிகர்கள் மூலக்குளத்துக்கு வருவதில்லை. வில்லியனூர் போகிற சாலையில், ரெட்டியார்பாளையத்தை அடுத்து இருக்கிறது. உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. இங்கே பிரெஞ்சு நாகரிகம் என்று மிச்சம் இருப்பது காலையில் வாங்குகிற நீள ரொட்டி ஒன்றுதான். எங்கள் தெருவில் இன்னொன்றும் இருந்தது: சொல்தா தாத்தாவின் நாய்க்குப் பிரெஞ்சு பாஷை தெரியும்.

நாய் என்றால் சீமை நாய் அல்ல. சாக்கடை ஓரத்தில் பொறுக்கி எடுத்த செவலைக் குட்டி. மணி என்று பெயர். "அசீ!" என்றால் உட்காரும். "கூஷே!" என்றால் படுக்கும். "இசி!" என்றால் தெருக் கோடியிலிருந்து ஓடி வரும். தமிழில் "உட்கார்" என்றால், யாரையோ சொல்கிறார்கள் என்று பார்த்துக் கொண்டிருக்கும். இந்த வித்தையை எல்லாம் தாத்தா கற்றுக் கொடுத்தது காய்ந்த ரொட்டியைக் கொண்டுதான். வாத்தியாருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

தாத்தா செய்வதை நான் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ரொட்டியைப் புளியங்கொட்டை அளவுக்குக் கிள்ளி வைத்துக் கொள்வார். "பெரிய துண்டாகக் கொடுத்தால் தின்பதிலேயே புத்தி போய்விடும், தம்பி" என்பார். ஒரு துண்டை நாயின் மூக்குக்கு நேரே பிடித்து, மெதுவாக அதன் தலைக்கு மேலே கொண்டு போவார். தலை நிமிர நிமிரப் பின்புறம் தானாகத் தாழும். புட்டம் தரையில் பட்ட அந்தக் கணத்திலேயே துண்டு வாய்க்குள் போய்விட வேண்டும். இரண்டு விநாடி தாமதித்தால், உட்கார்ந்ததற்குக் கிடைத்ததா, எழுந்ததற்குக் கிடைத்ததா என்று நாய்க்குக் குழப்பம். பத்து நிமிஷத்துக்கு மேல் பாடம் கிடையாது. பாடம் படிந்த பிறகு, கையில் ரொட்டியை வைத்துக் கொண்டு கூப்பிடுவதை நிறுத்திவிடுவார். ரொட்டி சட்டைப் பையில் இருக்கும். சில சமயம் வரும், சில சமயம் வராது. வராதபோது கழுத்தைச் சொறிந்து கொடுப்பார். தின்ற துண்டுகளை எல்லாம் கணக்கு வைத்து ராத்திரிச் சோற்றில் குறைத்துக் கொள்வார். திராட்சையும் வெங்காயமும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம் என்று அவருக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் பாரிஸிலிருந்து கொண்டு வரும் சாக்லேட் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டுவது மணிக்குப் பயந்துதான்.

பாடம் முடிந்ததும் விளையாட்டு. மூன்று கொட்டாங்கச்சிகளைத் திண்ணையில் கவிழ்த்து, ஒன்றின் கீழே துண்டை ஒளித்து, மூன்றையும் இடம் மாற்றி நகர்த்துவார். மணி மோந்து மோந்து சரியான கொட்டாங்கச்சியைக் காலால் தட்டிவிடும். ஒருநாள் வேடிக்கைக்காக நான் மூன்றையும் வெறுமையாகக் கவிழ்த்து வைத்தேன். மணி மூன்றையும் புரட்டிப் பார்த்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது. தாத்தாவுக்கு வந்ததே கோபம்! "வெறுங்கொட்டாங்கச்சி வைக்கக் கூடாது, தம்பி. அது விளையாட்டு இல்லை, பொய்" என்றார். நாயிடம் பொய் சொல்வதாவது என்று அன்றைக்கு எனக்குச் சிரிப்பாக இருந்தது.

வாத்தியாரின் ஆட்சேபணையைச் சாமானியமாகத் தள்ளிவிட முடியாது. "தருமபுத்திரர் பின்னால் ஒரு நாய் இமயமலை வரைக்கும் போயிற்றே, அவர் பையில் ரொட்டித் துண்டு வைத்திருந்தாரா?" என்று கேட்பார். "அன்பினால் கீழ்ப்படிய வேண்டும், அல்லது பயத்தினால் கீழ்ப்படிய வேண்டும். வயிற்றைக் காட்டிக் கீழ்ப்படியச் செய்வது இரண்டுக்கும் கேவலம். எங்கள் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தா பெருக்கல் வாய்பாடு சொல்லிக் கொடுத்தோம்?"

மிட்டாய் கொடுக்கவில்லை, பிரம்பைக் கொடுத்தார்கள். இருந்தாலும் அவர் கட்சிக்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் பள்ளியில் ஒரு பரிசோதனை நடத்தி 1973-இல் வெளியிட்டார்கள். படம் போடுவதில் தாமாகவே ஆசையுள்ள குழந்தைகளிடம், படம் போட்டால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த பத்திரம் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பத்திரம் வாங்கிய அந்தக் குழந்தைகள், சில நாளைக்குப் பிறகு, பரிசே அறியாத குழந்தைகளைவிட வெகு குறைவாகத்தான் படம் போட்டனவாம். ஆசையாய்ச் செய்த காரியம் கூலி வேலை ஆகிவிட்டது. ஆனால் முன்னால் ஒன்றும் சொல்லாமல், படம் போட்டு முடித்த பிறகு எதிர்பாராமல் பத்திரம் கொடுத்த குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. சொல்தா தாத்தா ரொட்டியைக் கையிலிருந்து பைக்கு மாற்றியதன் சூட்சுமம் இதுதானோ என்னவோ!

நாய், தீனி என்று பேச ஆரம்பித்தால் ருஷ்யாவின் பாவ்லோவ் வந்துவிடுவார். 1904-இல் நோபல் பரிசு பெற்ற மேதை அவர். பரிசு கிடைத்தது ஜீரண ஆராய்ச்சிக்கு. தீனிக்கு முன்னால் ஒரு சத்தத்தைக் கேட்கச் செய்து பழக்கினால், பிறகு வெறும் சத்தத்துக்கே நாயின் வாயில் எச்சில் ஊறும் என்று காட்டியவர். மணி அடித்தார், மணி அடித்தார் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். தாளம் தட்டும் யந்திரம் முதலிய வேறு பல சத்தங்களையும் அவர் உபயோகித்தார். எச்சிலை அளப்பதற்காக நாய்களின் கன்னத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தியிருந்தார். அந்தச் சோதனைச் சாலையில் நாய் என்பது ஒரு வாயும் ஒரு குழாயும்தான். வாத்தியார் நாயைப் பார்த்ததும் ஏறக்குறைய அப்படித்தான்.

நாய்க்கு அதற்கு மேலும் கொஞ்சம் உண்டு என்று சொன்னவர்கள் வியன்னாக்காரர்கள். 2009-இல் வெளிவந்த அவர்களுடைய பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு நாய்களை அருகருகே உட்கார வைத்துக் 'கை கொடு' என்று கேட்டார்கள். ஒரு நாய்க்கு மட்டும் தீனி கொடுத்து மற்றதற்கு ஒன்றும் கொடுக்காமல் விட்டபோது, கொடுபடாத நாய் சீக்கிரத்திலேயே கை கொடுக்க மறுத்து முகத்தைத் திருப்பிக் கொண்டது. அதே நாய் தனியாக இருந்தபோது, தீனியே இல்லாமல் வெகு நேரம் கை கொடுத்துக் கொண்டிருந்தது! ஆகவே அது மறுத்தது ரொட்டி கிடைக்காத வயிற்றெரிச்சலால் மட்டும் அல்ல. இன்னும் பாருங்கள்: ஒன்றுக்கு இறைச்சித் துண்டும் மற்றதற்கு வெறும் ரொட்டியும் கொடுத்தபோது, ரொட்டி வாங்கிய நாய் ஆட்சேபிக்கவே இல்லை. பக்கத்து இலையில் என்ன விழுகிறது என்று எட்டிப் பார்க்கும் வழக்கம் கலியாணப் பந்தியில் உட்காரும் நமக்குத்தான் உண்டு போலிருக்கிறது. நாய் கேட்பதெல்லாம் தன்னையும் ஒரு பொருட்டாக மதித்தார்களா என்பதுதான்.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து விஞ்ஞானிகள் நாய்களை ஸ்கேன் யந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, எஜமானரின் பாராட்டு வரப் போகிறது என்றபோதும் தீனி வரப் போகிறது என்றபோதும் மூளை எப்படித் துலங்குகிறது என்று பார்த்து 2016-இல் எழுதினார்கள். பெரும்பாலான நாய்களுக்கு இரண்டும் சமம், அல்லது பாராட்டே உசத்தி. இரண்டே இரண்டு நாய்கள்தான் தீனிப் பண்டாரங்கள். இதை நான் வாத்தியாரிடம் வெற்றியுடன் எடுத்துச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டே, "யந்திரத்துக்குள் படுக்க அந்த நாய்களை எதைக் கொடுத்துப் பழக்கினார்கள்?" என்று கேட்டார். தீனி கொடுத்துத்தான். கணக்கு வாத்தியாரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இப்படி விவாதம் செய்து கொண்டிருந்த நாளிலே சொல்தா தாத்தா காலமாகிவிட்டார். பாரிஸிலிருந்து மகனும் மருமகளும் வந்து காரியங்களைச் செய்தார்கள். சில மாதம் வீட்டில் இருந்து சாமான்களை ஒழித்தார்கள். அந்த மாதங்களில் மணிக்கு ரொட்டி கிள்ளிப் போடுவது என் வேலை ஆயிற்று. நானும் "அசீ" என்று கற்றுக் கொண்டேன். என் பிரெஞ்சு உச்சரிப்பை மணி பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டது.

வீட்டை விற்றார்கள். நாயை என்ன செய்வது? பாரிஸுக்கு அழைத்துப் போவது பெரிய பாடு. ஆரியபாளையம் பாலத்தைத் தாண்டி அவர்களுக்குத் தெரிந்தவர் தோட்டம் ஒன்று இருந்தது. அங்கே காவலுக்கு விடுவதென்று தீர்மானமாயிற்று. 'குட்டியானை' என்கிறோமே, அந்தச் சின்ன லாரி வந்து நின்றது. மணி ஏற மறுத்தது. கயிற்றைப் போட்டால் கடிக்க வந்தது. டிரைவர் கோலை எடுத்தான். அப்போது தாத்தாவின் மகன் என்னிடம் வந்து, "நீங்கள் கூப்பிட்டால் வரும், சார்" என்றார்.

நானே வைத்துக் கொள்கிறேன் என்று அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் இடம் போதாது, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது, என்று என்னென்னவோ காரணங்கள் மனத்தில் அடுக்கி வைத்திருந்தேன். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். உள்ளே போய் ஒரு துண்டு ரொட்டி எடுத்துக் கொண்டு வந்தேன். லாரியின் தட்டில் ஏறி நின்று "இசி!" என்றேன்.

மணி டிரைவரைப் பார்க்கவில்லை, கோலையும் பார்க்கவில்லை. ஒரே தாவாகத் தாவி ஏறி என் முன்னால் உட்கார்ந்தது. சொல்லாமலேயே உட்கார்ந்தது. ரொட்டியைக் கொடுத்தேன். நான் இறங்கினேன். பின்கதவைச் சாத்தினார்கள்.

அன்று சாயங்காலம் வாத்தியார் வந்தார். நடந்ததைச் சொன்னேன். "ரொட்டியைக் கொடுத்தீர்கள் அல்லவா?" என்றார். கொடுத்தேன் என்றேன். "அப்படியானால் கணக்குப்படி உங்களிடம் பாக்கி இல்லை" என்றார். வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் வந்து, "ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சார்" என்றார்.

அவர் தூங்காததும் நான் தூங்காததும் ஒரே காரணத்தால்தான். ரொட்டி லஞ்சம் என்றால், லஞ்சம் வாங்கியவன் காரியத்தைச் செய்து கொடுத்தான். கொடுத்தவன் பேசியதைக் கொடுத்தான். கூலி என்றாலும் அப்படியே: வேலை நடந்தது, கூலி கை மாறியது. எந்தப் பஞ்சாயத்திலும் என் மேல் குற்றம் சொல்ல முடியாது. இருந்தும் நான் குற்றம் செய்தவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கணக்கு நேராகி மனம் மட்டும் கோணலாகிறது என்றால், இருவருக்கும் நடுவே கை மாறிக் கொண்டிருந்தது கூலி அல்ல என்றுதானே அர்த்தம்? ஒவ்வொரு துண்டு ரொட்டியோடும் தாத்தா அந்த நாய்க்கு ஒரு வாக்குக் கொடுத்துக் கொண்டிருந்தார். 'நான் கூப்பிட்டால் உனக்குக் கெடுதல் வராது' என்பது அந்த வாக்கு. ரொட்டி அந்த வாக்கின் உச்சரிப்புத்தான். ஆயிரம் தடவை சொல்லி அவர் மெய்யாக்கி வைத்துவிட்டுப் போன சொல்லை, ஒரே தடவையில் நான் வெறுங்கொட்டாங்கச்சி ஆக்கிவிட்டேன். ரொட்டியை உள்ளே வைத்துக் கொடுத்த வெறுங்கொட்டாங்கச்சி!

தருமபுத்திரர் கதையும் அந்த ராத்திரியில் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. தேவேந்திரன் ரதத்தைக் கொண்டு வந்து நிறுத்தி, 'நாயை விட்டுவிட்டு ஏறு, சொர்க்கம் தருகிறேன்' என்கிறான். அங்கே தீனி காட்டப்பட்டது நாய்க்கு அல்ல, மனிதனுக்கு. சொர்க்கத்தைக் காட்டியும் அவர் ஏறவில்லை. நான் கைவிட்டது சொர்க்கத்துக்காகக்கூட இல்லை. வீட்டில் இடம் போதாது என்பதற்காக.

பதினோராம் நாள் மணி திரும்பி வந்துவிட்டது. சங்கராபரணி ஆற்றையும் வில்லியனூரையும் கடந்து, பஸ்ஸும் லாரியும் ஓயாத சாலையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எப்படி வழி கண்டு வந்ததோ! விலா எலும்பை எண்ணலாம். ஒரு காது கிழிந்திருந்தது. பூட்டிய வீட்டின் படியில் படுத்திருந்தது. ரொட்டியை எடுத்துக் கொண்டு ஓடினேன். "இசி" என்றேன். எழுந்து நாலடி பின்னால் போய் நின்றது. உறுமவில்லை, குரைக்கவும் இல்லை. முன்னொருநாள் மூன்று கொட்டாங்கச்சியையும் புரட்டிவிட்டு என்னைப் பார்த்ததே, அதே பார்வை.

நாலடியாரில் யானையையும் நாயையும் ஒப்பிடுகிற ஒரு பாட்டு உண்டு. யானை, பழகிய பாகனையே கொன்றுவிடும். நாயோ, எஜமானன் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும், ஆகையால் நாய் போன்றவர் நட்பே நல்லது என்பது கருத்து. யானையைப் பற்றி அந்தப் புலவருக்குத் தெரிந்திருந்தது. புதுச்சேரியில் பத்து வருஷம் வாழ்ந்துவிட்டுப் போன பாரதியார், 1921-இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானைக்குத் தீனி கொடுக்கப் போய்த் தள்ளுண்டார் அல்லவா? ஆனால் நாயைப் பற்றிச் சொன்னதில் எனக்கு ஒரு மனத்தாங்கல். வேலை எறிந்தவனுக்கு எவ்வளவு சௌகரியமான புகழ்ச்சி! மணி வாலைக் குழைக்கவில்லை. அதனால் அதன்மேல் எனக்கு மதிப்பு அதிகம் ஆயிற்றே தவிரக் குறையவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தது விசுவாசம் என்றால், என் கைக்குத் திரும்பி வராதது மானம். இரண்டும் ஒரே நாயிடத்தில் இருக்கக் கூடாதா?

பிறகு நான் செய்தது பழக்குவது அல்ல. பயந்த நாயைப் பழக்குகிறவர்களும் இப்படித்தான் செய்வார்களாம்: தீனியைத் தூரத்தில் போட்டுவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பிவிட வேண்டும், உட்காரும்படி சொல்லக் கூடாது, கையை நீட்டக் கூடாது, ஒன்றுமே கேட்கக் கூடாது. இருபது நாள் அப்படிப் போட்டேன். நான் உள்ளே போன பிறகுதான் தின்னும். பிறகு நான் படியில் உட்கார்ந்திருக்கும்போதே தின்றது. இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று, என் கையிலிருந்து வாங்க. அன்றைக்கு நான் "அசீ" சொல்லவில்லை. எனக்கு அந்த வார்த்தை தொண்டையில் நின்றுவிட்டது.

இப்போது மணி என் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. இடம் போதவே போதாது என்று நினைத்திருந்த வீட்டில் ஒரு சாக்குப்பை அகலம் இடம் கண்டுபிடிக்க முடிந்தது. வாத்தியார் தினம் சாயங்காலம் டீக்கடையிலிருந்து பொறை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு வருகிறார். "லஞ்சமா, சார்?" என்று கேட்டால், "எனக்கு வாங்கினது" என்கிறார். மூன்று கொட்டாங்கச்சிகளும் திண்ணையில் இருக்கின்றன. எதிலும் ஒன்றும் இல்லாமல் கவிழ்த்து வைக்க எங்கள் இருவருக்கும் துணிவு கிடையாது.

ஆனால் தெருவில் ஒரு குட்டியானை வந்து நின்றால், யாராவது வீடு மாற்றுகிறார்கள், அவ்வளவுதான், மணி எழுந்து வாத்தியார் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் படுத்துக் கொள்கிறது. வண்டி போகும் வரைக்கும் யார் கையிலிருந்தும் எதையும் வாங்குவதில்லை. ஆரம்பத்தில் நான் ரொட்டியை எடுத்துக் கொண்டு பின்னாலேயே போய்ச் சமாதானம் செய்து பார்த்தேன். இப்போது போவதில்லை. ரொட்டியைப் பையில் போட்டுக் கொண்டு, வண்டி போகட்டும் என்று நானும் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.